அப்பா வெள்ளனே போன இடம்

இதை நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். வாளிக் கக்கூஸைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது நாம்தான் மிச்சம். பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லத் தொடங்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சொல்ல வந்தது சிரிக்கிற விஷயம் அல்ல.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, நடுவில் ஓட்டை போட்ட மரப்பலகை. அடியில் தார் பூசிய வாளி. பின்பக்கச் சுவரில் தரையோடு தரையாக ஒரு குட்டி மரக்கதவு. விடிவதற்கு முன் யாரோ அந்தக் கதவைத் தூக்கி வாளியை வெளியே இழுப்பார்கள். தகரம் கல்லில் உரசுகிற சத்தம், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற நமக்குக் கேட்கும். திரும்பிப் படுத்துக்கொள்வோம். காலையில் போனால் வாளி காலியாக இருக்கும், அடியில் கொஞ்சம் சாம்பல் தூவியிருக்கும். அதை யார் செய்தார்கள் என்று நம்மில் யாராவது கேட்டோமா?

கோடைக்கானலில் மிஷன் வளாகத்துக்கு அந்த வேலையைச் செய்தவரை ஊர் என்ன சொல்லி அழைத்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பெயரும் அல்ல. வாளிக்காரர் என்றே சொல்கிறேன். ஒல்லியான மனிதர் என்பது மட்டும் தெரியும். மழைக்காலத்தில் கோணிச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, கொங்காணியாக மடித்து, தலையிலிருந்து முழங்கால்வரை போட்டுக்கொள்வார். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துணி. தலையில் வாளி. எதிரே வந்தால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவரும் பாதையைவிட்டு இறங்கி, சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அவருக்கு மீசை உண்டா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் எங்களோடு ஒரே கோயிலில்தான் இருந்தார்கள். ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம், கதவோரம் ஒரு தனிப் பாய். அது அவர்களுக்கு. இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து எடுக்கிற இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சை ரசமும் எல்லோரும் வாங்கிய பிறகு அவர்கள் வருவார்கள். ரசம் குடிக்க ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். அதில் கடைசி வாய் அவர்களுடையது. அவர்களுக்குப் பிறகு அன்றைக்கு அந்தக் கிண்ணத்தில் யாரும் வாய் வைத்ததில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது.

என் அப்பா அந்தச் சபையின் போதகர். அப்போதெல்லாம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவை ஐயரம்மா என்று. அப்பாவும் ஒல்லிதான். வீட்டில் அவர் பேசுவது குறைவு. அம்மாவின் அப்பாவும் மலைக்குக் கீழே ஒரு பெரிய சபைக்கு ஐயராக இருந்தவர். அந்தப் பெருமை அம்மாவின் நடையிலேயே தெரியும். அக்காவுக்குப் பெரியகுளத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் நிச்சயமாகித் தை மாசம் கல்யாணம் என்று பேசியிருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்தேன்.

இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முந்திய மழைக்காலம் அது. சீசன் முடிந்து துரைமார் எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரும் இறங்கிவிட்டார். பங்களாக்களின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதபடி மூடுபனி. ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும், அடுப்படியில் அம்மாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது.

அந்த மழையில்தான் அப்பா மாறினார். விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து வெளியே போவார். விடிகிற நேரத்தில் ஈரத்தலையோடு வருவார். அவர்மேல் கார்பாலிக் சோப்பும் யூகலிப்டஸ் தைலமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். "ஏன் இந்தக் குளிர்ல பச்சத்தண்ணியில குளிக்கிறீங்க?" என்று அம்மா கேட்பாள். "மலையில போய் ஜெபம் பண்ணிட்டு வர்றேன்" என்பார். ஜெபத்துக்கும் குளியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை.

ஒருநாள் பஜாருக்குப் போனோம். கடைக்கார பாய் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்னங்க ஐயரம்மா, ஐயருக்கு உடம்புக்கு ஆகலையா? சோப்பும் தைலமும் அடிக்கடி வாங்கிட்டுப் போறாங்களே" என்றார்.

"அவங்களா? எங்கிட்டச் சொல்லலையே பாய்."

பாய் அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "மழைக்காலம் பாருங்க, சளியா இருக்கும்" என்று பேச்சை மாற்றினார்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. மிஷன் மேஸ்திரியின் மனைவி எல்லோரும் போகிறவரை காத்திருந்தாள். மேஸ்திரி யார் என்று சொல்லிவிடுகிறேன். வளாகத்தில் வேலைக்கு ஆள் வைப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு. சபையில் தலைமை மூப்பரும் அவரே. நல்ல மனிதர். கோயில் கூரை சரிந்தபோது தாமே மேலே ஏறி ஓடு மாற்றியவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் தோட்டத்துப் பிளம்ஸ் மரத்தில் கைக்கு எட்டியதைப் பறித்துக்கொள்ளச் சொல்வார். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் நீங்கள் மறக்கக்கூடாது.

அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குச் சொல்லவே வாய் கூசுது. விடியக்காலம் ஐயர் அந்த வாளிக்காரன் குடிசைக்குள்ள போறதை எங்க வீட்டுக்காரர் பார்த்திருக்காரு. ஒருநா இல்லை, பலநா."

"வீடு சந்திக்கப் போயிருப்பாங்க."

"அந்நேரத்துலயா? ஐயர் உள்ள போறாங்க. கொஞ்ச நேரத்துல அவன் வாளியத் தூக்கிட்டுச் சோலிக்குப் போயிர்றான். ஐயர் வெளிய வரக் காணோம். உள்ள அவ மட்டுந்தான இருக்கா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளும் நிறைமாசமா இருக்கா. ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க."

அம்மா மடியில் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையின் ஊசிகள் நின்றுவிட்டன. அவள் முகம் சுளிக்கவில்லை. வெளுத்தது. நான் பக்கத்தில் நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறார்கள் என்று முழுதாகப் புரியாவிட்டாலும், என் அப்பாவைப் பற்றி ஏதோ பயங்கரமானது சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

மறுநாள் வெள்ளனே, இருட்டோடு, அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "எந்திரி. சத்தம் போடாத." அக்காவை எழுப்பவில்லை. தனியாகப் போகவும் அம்மாவுக்குப் பயம். காட்டுமாடு ஏரிக்கரைவரை இறங்குகிற காலம். விளக்கு எடுக்கவில்லை. அப்பா முன்னால் போக, அவர் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்தோம். வளாகத்தின் கடைக்கோடியில், சவுக்குக் காட்டுக்குப் பக்கத்தில் வாளிக்காரர் குடிசை. அப்பா குனிந்து உள்ளே போனார். அம்மாவின் கை என் கையை நெரித்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சாக்குக் கொங்காணி போட்ட உருவம் வாளியோடு வெளியே வந்தது. மேஸ்திரி மனைவி சொன்ன மாதிரியே நடந்தது. நாங்கள் நின்ற மரத்துக்கு மிக அருகில் அந்த உருவம் கடந்து போனது. நாற்றம் தாங்காமல் அம்மா என் முகத்தைத் தன் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். அவளும் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அம்மா நேரே போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அடுப்பு வெளிச்சம். வாளிக்காரர் மனைவி பெரிய வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆணியில் அப்பாவின் கோட்டு தொங்கியது. பாயில் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய ஒரு கால் முழங்கால்வரை வீங்கி, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் கட்டப்பட்டிருந்தது. மீசை இருந்தது. நரைத்த மீசை. அவர்தான் வாளிக்காரர்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயர் எங்க?"

அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள்.

"கேக்குறேன்ல. ஐயர் எங்க?"

"இப்பத்தான் போனாங்கம்மா. நீங்க பார்க்கலையா? உங்க முன்னாலதான போயிருப்பாங்க."

வாளிக்காரர் எழ முயன்று விழுந்தார். "நான் வேணாம்னேன் தாயி. கால்ல விழுந்து கும்பிட்டேன். கேக்க மாட்டேன்னுட்டாங்க."

அம்மா அப்படியே நின்றாள். தன் கணவர் தன் முழங்கைக்குப் பக்கத்தில் கடந்து போயிருக்கிறார், நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றோம் என்பது அவளுக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மழைக்காலம் முழுவதும் வளாகத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் திரும்பி நின்றிருக்கிறார்கள். அந்தச் சாக்குக்குள் யார் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடினோம். எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் அவரைப் பிடித்தோம். எங்கள் தகரக் கொட்டகையின் குட்டிக் கதவுக்கு முன்னால், சேற்றில் மண்டியிட்டிருந்தார். வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். தகரம் கல்லில் உரசுகிற அந்தச் சத்தம். வாளியில் இருந்தது எங்களுடையது. அம்மாவுடையது, அக்காவுடையது, என்னுடையது. ஒவ்வொரு நாளும் கம்பளிக்குள் திரும்பிப் படுத்தபடி நான் கேட்ட சத்தம் என் அப்பாவின் கையிலிருந்து வந்தது. கத்திவிட்டேன்.

"என்னங்க," என்றாள் அம்மா. "அதைக் கீழ வைங்க."

அப்பா துணியைக் கழற்றவில்லை. கண் மட்டும் தெரிந்தது. "இன்னும் பள்ளிக்கூட ஹாஸ்டல் பாக்கி இருக்கு. விடிஞ்சிரும். பிள்ளையைக் கூட்டிட்டு உள்ள போ" என்றார்.

அன்று அவர் குளித்து வந்த பிறகும் அம்மா அவரை அடுப்படிக்குள் விடவில்லை. வராந்தாவில் ஒரு தகரத் தட்டில் சோறு வைத்தாள். நாய்க்கு வைப்பது போல் தள்ளி வைத்தாள். அப்பா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"எதுக்கு இப்படி?" என்றாள் அம்மா கடைசியில்.

வாளிக்காரர் காலில் துருப்பிடித்த தகரம் வெட்டிச் சீழ் வைத்துவிட்டது என்றார் அப்பா. இன்னொரு தரம் படுத்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டும், கீழேயிருந்து வேறு குடும்பத்தைக் கொண்டுவருவேன் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருக்கிறார். கம்பவுண்டர் மேஸ்திரியின் மச்சினர், அதனால் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. "நான் போனப்ப அந்தப் பிள்ளை சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வாளியத் தூக்கக் குனிஞ்சா. மாசமா இருக்கிறவ. தூக்க முடியல. நான் ஜெபம் பண்ணத்தான் போனேன். அவ வாளியோட நிக்கிறப்ப என்னன்னு ஜெபம் பண்றது?"

"சரி, ஒருநா செஞ்சீங்க. தினமுமா?"

"வாளி தினமும் நிறையுதே."

"நீங்க போதகர். அப்பம் புட்டுக் குடுக்கிற கை. மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். வெளிய தெரிஞ்சா?"

"அந்த ஆளு கால் ஊனுற வரைக்குந்தான். அதுவரைக்கும் தெரியாமப் பார்த்துக்கிறேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

அப்பா யாரைப் பற்றியும் தப்பாக நினைக்காத மனிதர். அம்மாவைப் பற்றி மட்டும் தப்பாக நினைத்துவிட்டார். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். அம்மாவும் அக்காவும் நானும் திரைக்குப் பின்னால் நின்றோம். மேஸ்திரி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஐயரே, விடியக்காலம் அந்தக் குடிசைக்குப் போறது உண்மையா?"

"உண்மைதான்."

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அதைச் சொல்றதுக்கில்லைங்க. தப்பான காரியம் ஒண்ணும் இல்லை."

மற்ற மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். "நாம எல்லாரும் மனுஷங்கதானங்க. சறுக்கிருச்சுன்னா சொல்லிருங்க. உங்க ஊழியத்தைக் கெடுக்கணும்னு எங்களுக்கு என்ன? மேலிடத்துக்குத் தெரியாம முடிச்சிருவோம். அந்தக் குடும்பத்தை நாளைக்கே கீழ அனுப்பிர்றேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் திரையை விலக்கிக்கொண்டு அம்மா போய்விட்டாள். ஆண்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அவள் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"என் புருஷன் பொம்பளை தேடிப் போகலை," என்றாள். "வாளி தூக்கப் போனாங்க. அந்த ஆளு காலு அழுகிப் படுத்துக்கெடக்கான். உங்க வீட்டு வாளி, என் வீட்டு வாளி, ஹாஸ்டல் வாளி, எல்லாம் இவங்கதான் இத்தனை நாளும் தூக்குறாங்க. நானே என் கண்ணால பார்த்தேன்."

மேஸ்திரி சிரித்தார். அம்மா புருஷனைக் காப்பாற்ற ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார்.

பிடித்திருந்த கையை மேஸ்திரி விட்டுவிட்டார். தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"போன மாசம் அப்பம் குடுத்தீங்களே," என்றார். "அப்பவுமா?"

"அப்பவுந்தான்."

அவர் எழுந்து வெளியே போனார். முற்றத்துச் செவ்வந்திச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தியெடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. தண்ணீர்த் தொட்டியில் வாய் கொப்பளித்துவிட்டு, உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே பேசினார். கண்ணெல்லாம் நீர்.

"ஐயரே, அந்தப் பொம்பளை சமாச்சாரமாவே இருந்திருக்கலாமேய்யா. அதை நாங்க மன்னிச்சிருப்பமே."

நான் அப்போது சிறுமி. அந்த வாக்கியத்தின் முழுப் பாரமும் என்மேல் விழ இன்னும் பல வருஷங்கள் ஆயின. ஆனால் அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் தன்னோடு ஜெபித்த மனிதர்களை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்புறம் வராந்தாவுக்குப் போய், தகரத் தட்டை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டாள். அன்று மத்தியானம் அப்பா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாளே குடிசையைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பினார். கொட்டுகிற மழை. அப்பா வாளிக்காரரைத் தோளில் தாங்கியபடி, அவர் மனைவி ஒரு மூட்டையோடு பின்னால் வர, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். விறகு வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார். அம்மா தடுக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. புதிய ஆள் கீழேயிருந்து வரும்வரை அப்பாவே வாளிகளைத் தூக்கினார். இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் விடிந்த பிறகே போனார், முகத்தைச் சுற்றியிருந்த துணியையும் விட்டுவிட்டார். அவர் வருவது தெரிந்தால் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

பெரியகுளத்திலிருந்து ஒருவர் வந்து, வாசலில் நின்றே, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் வாளிக்காரர் மனைவிக்கு வலி கண்டது. அப்பா ஊரில் இல்லை. யாரோ இறந்து, அடக்கத்துக்காகப் பள்ளங்கிக்குப் போயிருந்தார். அம்மா ஆஸ்பத்திரி நர்சைக் கூட்டிவர என்னை அனுப்பினாள். நர்ஸ் கதவை அரைவாசி திறந்து, "மேஸ்திரி கோவிச்சுக்குவாரும்மா, நான் வந்தா என் வேலை போயிரும். அம்மாகிட்டச் சொல்லு" என்று சாத்திவிட்டாள். நனைந்துகொண்டே ஓடி வந்து சொன்னேன்.

அம்மா விறகு அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே அந்தப் பெண் அலறிக்கொண்டிருந்தாள். அம்மா படியில் ஒரு காலை வைப்பாள், எடுப்பாள். நான் பார்த்தேன். அவளுக்கு அந்தப் படி எவ்வளவு உயரமாக இருந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "மூத்தவளே, வெந்நி போடு. வெரசா!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

வெளியே வந்தபோது அவள் முழங்கைவரை ரத்தம். கையில் ஒரு பெண் குழந்தை. "கழுத்துல கொடி சுத்திக்கெடந்துச்சு," என்றாள் அக்காவிடம். "நல்லாருக்கா. அந்தக் கம்பளிச் சட்டையை எடுத்துட்டு வா." அதை அவள் அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு பிறக்கப்போகிற பேரனுக்கென்று பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். எடுத்து வந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு இராப்போஜனம். அப்பாவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பதில் வராததால் அவர்தான் இன்னும் போதகர். கோயில் நிறைந்திருந்தது. இவ்வளவு பேர் வந்தது ஆச்சரியமாக இருந்தது. அப்பா ஜெபித்து அப்பத்தைப் பிட்டார். கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பீடத்து மரக்கிராதிக்குப் பின்னால் நின்றார். முதலில் மூப்பர்கள் எழுந்து முழங்கால்படியிட வேண்டும்.

யாரும் எழவில்லை.

அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டின்மேல் மழை கேட்டது. யாரோ இருமினார்கள். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை, வாங்காமல் இருப்பதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பின்னால் கம்பு தட்டுகிற சத்தம். கதவோரப் பாயிலிருந்து வாளிக்காரர் எழுந்து வந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் கடைசியில் வருகிறவர் அன்று முதலில் வந்தார். நடுவில் ஒருதரம் நின்று சுற்றிப் பார்த்தார், வரலாமா என்று கேட்பதுபோல். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கம்பைக் கீழே வைத்துவிட்டு, புண்ணான காலைப் பக்கவாட்டில் நீட்டி, ஒற்றை முழங்காலில் இருந்தார். அப்பா அப்பம் கொடுத்தார். கிண்ணத்தை அவர் வாயில் சாய்த்தார். நரைத்த மீசை ரசத்தில் நனைந்தது.

அப்போது அம்மா எழுந்தாள். சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்திலிருந்து நேரே நடந்து, வாளிக்காரருக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டாள். ஆண்கள் பந்தியில் ஒரு பெண் போனதே முதல் அதிர்ச்சி. அப்பா கிண்ணத்தைத் துணியால் துடைக்கப் போனார். வழக்கமாகத் துடைப்பார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். துடைக்க விடவில்லை. வாளிக்காரர் வாய் வைத்த அதே விளிம்பில் தன் வாயை வைத்துக் குடித்தாள்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் "ஐயோ" என்றாள். அது எவ்வளவு மெதுவாகச் சொல்லப்பட்டது, எவ்வளவு தூரம் கேட்டது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! மேஸ்திரி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் பின்னால் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ஹாஸ்டல் சமையல்காரம்மா மட்டும் எழுந்து முன்னால் வந்தாள். பிறகு, கடைசியாக, அக்கா. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவ்வளவுதான். மீதி ரசத்தை அப்பாவே குடித்து முடித்தார்.

மதுரையிலிருந்து மிஷன் துரை வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீர் செய்தது பெரிய காரியம் என்றார். கண் கலங்கினார். கலங்கிவிட்டு, மூப்பர்கள் இல்லாமல் சபை நடக்காது என்பதால் அடுத்த வாரமே கீழே வேறு ஊருக்குப் போய்விடும்படி சொன்னார். அப்பாவை அதிகம் உலுக்கியது அந்தக் குலுக்கல்தான் என்று நினைக்கிறேன். பாராட்டுகிற கையே அவரை வெளியே அனுப்பியது.

வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வறண்ட ஊருக்கு வந்தோம். வாளிக்காரர் குடும்பமும் எங்களோடு வந்தது. கோயில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே வீடு கட்டி இருந்தார்கள். அவர் கால் கடைசிவரை சரியாகவில்லை, விந்திதான் நடந்தார். அந்தப் பெண்பிள்ளை வளர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். அக்காவுக்குச் சில வருஷம் கழித்து ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் மாப்பிள்ளையாக வந்தார். நல்லபடியாகத்தான் வாழ்ந்தாள். அப்பாவோடு பேசினாள், கவனித்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

புது ஊரில் சபைப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கோடைக்கானல் மாதிரிக் குளிர்ச்சியான ஊரை விட்டுவிட்டு இந்த வெயிலுக்கு ஏன் மாற்றல் என்று, யாராவது ஒருத்தி தவறாமல் கேட்பாள். அப்பா பேச்சை மாற்றப் பார்ப்பார். அம்மா விடமாட்டாள். கொல்லையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நிமிர்ந்து சொல்வாள்.

"எங்க ஐயர் அங்க ஊருக்கெல்லாம் மலம் அள்ளுனாங்க. அதனால வேணாம்னுட்டாங்க."

வந்தவளுக்கு மூச்சு நின்றுவிடும். அம்மா உள்ளே போய் காபி கலந்து எடுத்துவந்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பாள். வாங்கிக் குடித்தவர்களோடு சாகும்வரை சிநேகமாக இருந்தாள்.